முதல் வெளிநாட்டு உயர்மலை நடைப்பயணம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறையாக வெளிநாட்டுக்குப் போய் உயரமான மலையில் நடக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒருவருக்குப் போனில் சொன்னதை அடுத்த வாரம் இன்னொருவருக்குச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன்.

நேபாளத்தின் எவரெஸ்ட் பேஸ் கேம்ப், அன்னபூர்ணா சுற்று, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மூன்றும் நான் நடந்த பாதைகள். அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். கயிறும் ஐஸ் கோடாரியும் வேண்டியிருக்கும் சிகர ஏற்றம் இதில் இல்லை. கால்நடையாகப் போகும் பயணங்கள் மட்டும். இன்னொன்று, நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே இருப்பதை உங்கள் மருத்துவரிடம் பேசப் போகும்போது எடுத்துப்போகும் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

"உயரமான மலை"ன்னா எத்தனை மீட்டர்ல இருந்து கணக்கு?

கடல்மட்டத்திலிருந்து 2500 மீட்டரைத் தாண்டினாலே உடல் உயரத்தை உணரத் தொடங்கும். 3500-க்கு மேல் அதை அலட்சியம் செய்ய முடியாது. 5500-க்கு மேல் மனித உடல் நிரந்தரமாகப் பழகிக்கொள்வதில்லை. பெருவில் உள்ள லா ரின்கொனாடா என்ற சுரங்க ஊர் சுமார் 5100 மீட்டரில் இருக்கிறது. மக்கள் நிலையாக வாழும் ஊர்களில் அதுதான் மிக உயரமானது.

முதல் பயணத்துக்குப் பலர் தேர்ந்தெடுக்கும் இடங்களை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெருவின் இன்கா பாதையில் மிக உயரமான கணவாய் சுமார் 4200 மீட்டர். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5364. அன்னபூர்ணா சுற்றில் வரும் தோரோங் லா கணவாய் 5416. கிளிமஞ்சாரோ உச்சி 5895. "வெறும் நடைதானே" என்று சொல்லப்படும் பாதைகள்தான் இவை எல்லாம்.

மேல போனா ஆக்ஸிஜன் குறையும்னு சொல்றாங்களே, காத்துல ஆக்ஸிஜனே இருக்காதா?

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கே போனாலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது.

உடல் செய்யும் முதல் வேலை வேகமாக மூச்சுவிடுவது. அப்படி மூச்சுவிடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. கூடினால் மூளை மூச்சு வேகத்துக்குத் தடை போடும். சிறுநீரகம் கூடுதல் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றினால்தான் அந்தத் தடை நீங்கும். அதற்குச் சில நாள்கள் ஆகும். புதிய இரத்தச் சிவப்பணுக்கள் உருவாக வாரக்கணக்கில் ஆகும். இதை நினைவில் வையுங்கள், கீழே வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுறேன். எனக்கு உயர நோய் வராதுதானே?

வரலாம். உடல் பழகுவதற்குள் மேலே ஏறிவிட்டால் வருவதுதான் உயர நோய். உடற்தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறுநீரகம் காரத்தை வெளியேற்றும் வேகம் ஓட்டப் பயிற்சியால் கூடுவதில்லை. சொல்லப்போனால் நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: வேகமாக ஏற முடிகிறது என்பதாலேயே ஏறிவிடுவார்கள்.

யாருக்கு வரும் என்று ஓரளவு சொல்லக்கூடிய ஒரே தகவல், முன்பு உயரத்துக்குப் போனபோது என்ன நடந்தது என்பதுதான். முதல்முறை போகிறவர்களுக்கு அந்தத் தகவலும் கிடையாது. எனவே "எனக்கு வரும்" என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

அப்போ எதுக்கு உடற்பயிற்சி? எத்தனை மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும்?

நோயைத் தடுக்காவிட்டாலும், ஒரு நாள் நடந்து முடித்த பிறகு உடம்பில் தெம்பை மிச்சம் வைக்கும். அந்த மிச்சம் இருந்தால்தான் சாப்பிடத் தோன்றும், நனைந்த சாக்ஸை மாற்றத் தோன்றும், மறுநாள் எழுந்து நடக்க முடியும். இப்போது அதிகம் நடக்காதவர் என்றால் நான்கு மாதம், ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவர் என்றால் இரண்டு மூன்று மாதம் போதும்.

வாரத்தில் மூன்று நாள் வேகநடை அல்லது ஓட்டம், இரண்டு நாள் கால் தசைகளுக்கான பயிற்சி, வார இறுதியில் முதுகுப்பையோடு நீண்ட நடை. பையில் மூன்று கிலோவில் தொடங்கி, மலையில் சுமக்கப்போகும் எடை வரை மெல்லக் கூட்டுங்கள். கடைசி மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஐந்தாறு மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரு நாள் நடப்பதைவிட, வலிக்கும் காலோடு மறுநாள் நடப்பதுதான் மலையில் தினமும் நடக்கும் விஷயம்.

நான் இருக்கிற இடத்துல மலையே கிடையாது. எப்படிப் பழகுறது?

படிக்கட்டு போதும். பையோடு ஏறுங்கள், லிஃப்ட் பிடிக்காமல் இறங்குங்கள். இறங்குவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை மறுநாள் கல்லாகிவிடும். முழங்கால் வலியோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு வலி இறங்கும்போதுதான் வந்தது. ட்ரெக்கிங் கம்புகளையும் இங்கேயே பிடித்துப் பழகிவிடுங்கள்.

"உயரப் பயிற்சி முகமூடி" என்று விற்கும் பொருளை வாங்காதீர்கள். அது மூச்சு இழுக்கும் வழியைச் சிரமமாக்குகிறது, அவ்வளவுதான். காற்றழுத்தத்தை அது குறைப்பதில்லை, எனவே உடல் உயரத்துக்குப் பழகாது.

எத்தனை நாள் லீவு போடணும்? ஒரு கம்பெனி எட்டு நாள்ல பேஸ் கேம்ப் போய் வந்துடலாம்னு சொல்றாங்க.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்கச் சொல்வேன். ஜாக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள், விடுதியில் மிச்சம் பிடியுங்கள், நாள்களில் மட்டும் வேண்டாம்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது: 3000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள் என்பதைவிட, இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

பேஸ் கேம்ப் பாதையில் இதைப் பொருத்திப் பாருங்கள். விமானம் லுக்லாவில், சுமார் 2850 மீட்டரில் இறக்கிவிடும். முதல் இரவு அதைவிடத் தாழ்வான பாக்டிங்கில். பிறகு நாம்சே பஜார் 3440, இரண்டு இரவு. தெங்போச்சே 3860, ஒரு இரவு. திங்போச்சே 4410, இரண்டு இரவு. லோபுச்சே 4940, கோரக் ஷெப் 5160. ஏறுவதற்கு மட்டும் எட்டு நாள், இறங்க மூன்று நாள். பாக்டிங்கிலிருந்து நாம்சேவுக்கு ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், அதனால்தான் அங்கே இரண்டு இரவு. எட்டு நாளில் போய் வரலாம் என்கிறவர்கள் இந்த இரட்டை இரவுகளைத்தான் வெட்டுகிறார்கள். கிளிமஞ்சாரோவிலும் இதே கதை: மராங்கு பாதையை ஐந்து நாளில் முடிப்பதாகவும் விற்கிறார்கள், லெமோஷோ பாதையை எட்டு நாளாகவும் விற்கிறார்கள். எட்டு நாளை எடுங்கள். அதற்குப் பணமோ விடுமுறையோ இல்லையென்றால், இந்த வருடம் உயரம் குறைந்த ஒரு பாதைக்குப் போய்வாருங்கள்.

ஓய்வு நாள்னு சொல்லிட்டு அன்னைக்கும் மேல ஏறச் சொல்றாங்களே, எதுக்கு?

பகலில் இருநூறு முந்நூறு மீட்டர் மேலே போய், சிறிது நேரம் இருந்துவிட்டு, தூங்கக் கீழே வருவது உடலைப் பழக்கும். மெதுவாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். தலைவலியோ வாந்தியோ இருந்தால் அன்று போகாதீர்கள், அறையில் இருங்கள்.

உயர நோய் வந்தா எப்படித் தெரியும்? தலைவலி சும்மாவும் வருமே?

வரும். வெயிலால் வரும், தண்ணீர் குறைந்தால் வரும். ஆனால் உயரத்தில் உடம்புக்கு என்ன வந்தாலும், வேறு காரணம் உறுதியாகத் தெரியும் வரை அது உயர நோய்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். புதிய உயரத்துக்குப் போன ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, கூடவே பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், அசாதாரணச் சோர்வு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது லேசான உயர நோய். அங்கேயே இருங்கள், மேலே போகாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கூடிக்கொண்டே போனால் இறங்குங்கள்.

ஆபத்தான வடிவங்கள் இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: குழப்பமான பேச்சு, குடித்தவரைப் போல் தள்ளாட்டம், எழுப்ப முடியாத தூக்கம். சந்தேகம் வந்தால் ஒரு நேர்கோட்டில் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்களோடு ஒட்டவைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் அது நோய்தான். இன்னொன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் இருக்கும், முந்தாநாள் எளிதாக நடந்தவர் பத்தடி நடக்கத் திணறுவார், முற்றிய நிலையில் இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். இது தலைவலியே இல்லாமலும் வரலாம். உயர நோய்களில் அதிக உயிர்களை எடுப்பது இதுதான். இரண்டில் எது வந்தாலும் நள்ளிரவாக இருந்தாலும் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்ஸிஜன், மருந்து, ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் பை எல்லாம் இறங்குவதற்கு உதவும் பொருள்கள். இறங்குவதற்கு மாற்று கிடையாது.

என் முதல் பயணத்தில் லோபுச்சேயில் தலைவலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். மறுநாள் பேஸ் கேம்ப்பைப் பார்க்க முடியாதே என்ற பயம். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தபோது அறையில் இருந்த நண்பர் வழிகாட்டியை எழுப்பினார். விடியற்காலையில் கீழே பெரிச்சேவுக்கு இறக்கினார்கள். அங்கே இறங்கிய சில மணி நேரத்தில் தலை தெளிந்தது. அந்த ஊரில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் சீசன் காலத்தில் ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது; பிற்பகலில் உயர நோய் பற்றிப் பேசவும் செய்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் மேலே ஏறும்போதே அந்தப் பேச்சைக் கேட்டுவிடுங்கள். நான் இறங்கும்போதுதான் கேட்டேன்.

டயமாக்ஸ் போடலாமா? போட்டா நோய் வந்தது தெரியாமப் போயிடும்னு சொல்றாங்க.

அந்தப் பயம் தேவையில்லை. டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடு, சிறுநீரகம் காரத்தை வெளியேற்றுவதை வேகப்படுத்துகிறது. அதாவது இரண்டாவது கேள்வியில் சொன்ன வேலையைச் சீக்கிரம் நடத்தி முடிக்கிறது. அறிகுறிகளை மறைப்பதில்லை. மாத்திரை போட்டும் தலைவலி வந்தால் அது உண்மையான தலைவலி.

தடுப்புக்காகப் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்கும் முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா வகைப் பானங்கள் ருசிக்காது. இது சல்ஃபா வகையைச் சேர்ந்தது. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிட்டால் பக்கவிளைவுகளை மலையில் முதல்முறையாகச் சந்திக்க வேண்டியிருக்காது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நாள்களைக் குறைத்துவிட்டு அதை மாத்திரையால் ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆக்ஸிமீட்டர்ல 80 காட்டுது. பயப்படணுமா?

விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி அது. பயப்பட வேண்டுமா என்பது எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 5000 மீட்டரில் நன்றாக இருப்பவர்களுக்கே 75 முதல் 85 வரை காட்டுவது சாதாரணம். அதே எண் கடல்மட்டத்தில் வந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு இரண்டும் தவறான எண்ணைக் காட்டும்.

எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். கூட வருபவர்களைவிட உங்கள் எண் மிகவும் குறைவாக இருந்து, உடம்பும் சரியில்லையென்றால் கவலைப்படுங்கள். 88 காட்டுகிறது என்பதற்காகத் தள்ளாடும் ஆளை மேலே கூட்டிப்போகாதீர்கள்.

தண்ணி நிறையக் குடிச்சா உயர நோய் வராதாமே?

தண்ணீர் உயர நோயைத் தடுக்காது. ஆனால் வறண்ட காற்றில் வேக மூச்சு விடும்போது உடலிலிருந்து நிறைய நீர் போகிறது, அதை நிரப்ப வேண்டும். பெரும்பாலோருக்கு நாளுக்கு மூன்று லிட்டர் சுற்றி போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. ஐந்தாறு லிட்டர் என்று திணித்துக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்த்தால் உயர நோய் போலவே இருக்கும்.

சுத்தம் செய்யாமல் குடிக்காதீர்கள். 5000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமிகள் சாகும். குளோரின் டை ஆக்ஸைடு மாத்திரையும் நல்லது, குளிர்ந்த நீரில் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். வடிகட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் உறைந்தால் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்துச்சாம் ஃப்ரெண்டுக்கு. அது ஆபத்தா?

கேட்பவருக்குத்தான் பயமாக இருக்கும். சில வேக மூச்சு, பிறகு பத்துப் பதினைந்து விநாடி ஒன்றுமில்லை, பிறகு திடுக்கிட்டு ஒரு பெரிய மூச்சு. மூச்சு வேகத்துக்கும் மூளையின் தடைக்கும் இடையே நடக்கும் இழுபறி இது. உயரத்தில் மிகவும் சாதாரணம். விழித்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் மட்டும் நுரையீரல் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சைத் தளர்த்தும்; மேலே தூங்கும் நாள்களில் இரண்டும் வேண்டாம்.

எனக்கு வயசு 58. சர்க்கரையும் பி.பி.யும் இருக்கு. போகலாமா?

வயது மட்டும் தடை கிடையாது. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் முதல் சில நாள் உயரத்தில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடும், குளிரில் குளுக்கோமீட்டர் தவறாகக் காட்டலாம், இன்சுலின் உறைந்தால் வீண். உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சுத்தடை, கர்ப்பம், அரிவாள் வடிவ இரத்த அணு மரபு இவற்றில் ஏதாவது இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். எத்தனை மீட்டர், எத்தனை இரவு என்ற அட்டவணையையும் கையில் கொண்டுபோங்கள். "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

அப்புறம் கண். கருவிழியில் ஆரக்கால் போலக் கீறிச் செய்யும் பழைய வகை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உயரத்தில் பார்வை மங்கிப்போகலாம். 1996-ல் எவரெஸ்ட்டில் பெக் வெதர்ஸ் என்ற மருத்துவர் இப்படித்தான் வழியில் பார்வையிழந்து நின்றுவிட்டார்.

எவ்வளவு குளிரும்? என்ன உடை வேணும்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். காற்று அடித்தால் இன்னும் அதிகமாகக் குளிரும். நல்ல சீசனிலேயே 5000 மீட்டரில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி போகும்.

ஒரே தடிமனான கோட்டுக்குப் பதிலாக அடுக்குகள் வேண்டும். உடலை ஒட்டி வியர்வையை வெளியே விடும் ஒன்று, அதன்மேல் சூடு காக்கும் ஃப்ளீஸும், பறவை இறகு நிரப்பிய டவுன் ஜாக்கெட்டும், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத உறை. உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. நின்றவுடன் நடுங்க வைக்கும். ஏறத் தொடங்கும் முன் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் இரண்டையும் வாடகைக்கு எடுக்கலாம். ஷூவை மட்டும் எடுக்கக் கூடாது.

ஷூ போற வாரம் வாங்கினாப் போதுமா?

போதாது. இரண்டு மாதம் முன்பே வாங்கி, பயிற்சி நடை முழுவதும் அதில்தான். மாலையில் கால் வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் கட்டைவிரல் முன்னே முட்டக் கூடாது. முட்டினால் நகம் கறுத்துப்போகும். விமானத்தில் அந்த ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பெட்டி தொலைந்தால் ஜாக்கெட் கிடைக்கும், பழகிய ஷூ கிடைக்காது.

குளிர்லதானே போறோம், சன்ஸ்கிரீன் எதுக்கு?

ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் சுற்றி புற ஊதாக் கதிர் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அனுப்புகிறது. மூக்கின் அடிப்பக்கம் வரை பூசுங்கள், உதட்டுக்கும் பூசுங்கள். கறுப்புக் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதற்கு வகை எண் உண்டு; மூன்றாம் வகை வாங்குங்கள், பனிமேல் நடக்கும் நாள் இருந்தால் நான்காம் வகை. கண்ணாடி இல்லாமல் பனியில் சில மணி நேரம் நடந்தால் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும்.

வழிகாட்டி இல்லாம நாமளே போக முடியாதா?

சில நாடுகளில் விதியே விடாது. கிளிமஞ்சாரோவில் 1991 முதல் வழிகாட்டி கட்டாயம். இன்கா பாதையில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும். நாளுக்கு ஊழியர்களையும் சேர்த்து 500 பேருக்குத்தான் அனுமதி, பிப்ரவரியில் பாதையையே மூடிவிடுவார்கள். நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டி கட்டாயம் என்று சுற்றுலா வாரியம் அறிவித்தது, ஆனால் எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சி அதை ஏற்கவில்லை. புறப்படும் முன் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

விதி இல்லாவிட்டாலும் முதல்முறைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். என் தலைவலிக் கதையில் விடியற்காலையில் என்னை இறக்கியவர் வழிகாட்டிதான். நண்பரும் நானும் மட்டும் இருந்திருந்தால் "காலையில் பார்க்கலாம்" என்று தூங்கியிருப்போம். சுமை தூக்குபவரை வைத்தால் அவருக்குத் தகுந்த உடையும் ஷூவும் காப்பீடும் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். கிளிமஞ்சாரோவில் ஒருவர் தூக்கும் எடைக்கு 20 கிலோ என்று வரம்பே இருக்கிறது. உங்கள் பையைக் கட்டும்போதே அவர் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். உயர நோய் அவருக்கும் வரும். அவரும் தாழ்வான ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

பயணக் காப்பீடு எடுத்துட்டேன். அது போதும்தானே?

ஆவணத்தில் உயர வரம்பைத் தேடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல 3000 அல்லது 4000 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மீட்டரில் கால் பிசகினாலும் பணம் வராது. நீங்கள் போகும் மிக உயர்ந்த இடத்தையும் தாண்டி வரம்பு இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பு எழுத்தில் இருக்க வேண்டும். மீட்புக்கு முன் நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் தாளில் எழுதி, உங்களிடம் ஒன்று, வழிகாட்டியிடம் ஒன்று. போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும்.

ஹெலிகாப்டர்ல போயிடலாம்னு யாராவது அவசரப்படுத்தினா?

நேபாளத்தில் தேவையில்லாத மீட்புகளைக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பறிப்பது பற்றி 2018-ல் அரசே விசாரணை நடத்தியது. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் என்றால், நடந்து இறங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவரிடம் போனில் பேசுங்கள். ஆனால் மேலே சொன்ன இரண்டு ஆபத்தான வடிவங்களில் ஒன்று தெரிந்து, ஆள் நடக்க முடியாத நிலையில் இருந்தால் பணத்தைப் பற்றி யோசிக்காமல் கூப்பிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் தூக்கியாவது கீழே இறக்கிக்கொண்டே இருங்கள்.

திரும்பி வர்ற விமானத்தை டிரெக் முடியற மறுநாளே போட்டுடலாமா?

வேண்டாம். லுக்லா போன்ற சிறிய மலை விமான நிலையங்களில் மேகம் வந்தால் அன்றைய விமானம் அவ்வளவுதான், சில நேரம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருக்காது. குறைந்தது இரண்டு உபரி நாள் வையுங்கள். அந்த நாள்கள் இல்லாதவர்கள்தான் மேலேயும் ஓய்வு நாளைத் தவிர்க்கிறார்கள்.

ஒரு நாள் கீழ இறங்கி உடம்பு சரியாயிடுச்சு. மறுபடியும் ஏறலாமா?

லேசான நோய் என்றால், மருந்தில்லாமலே அறிகுறி முழுதாகப் போன பிறகு, முன்பைவிட மெதுவாக ஏறலாம். மூளை வீக்கமோ நுரையீரல் நீரோ வந்தவருக்கு அந்தப் பயணம் அதோடு முடிந்தது. நான் அந்த முறை திரும்பி ஏறவில்லை. உபரி நாள் இல்லை. பேஸ் கேம்ப்பை அடுத்த முறைதான் பார்த்தேன்.

நாங்க ஆறு பேர். ஒருத்தருக்கு முடியலைன்னா மத்தவங்க மேல போகலாமா?

போகலாம், அவரைத் தனியாக விடாமல். இறங்குபவரோடு உயர நோய் தெரிந்த ஒருவர் கடைசிவரை போக வேண்டும். "அறையில் படுத்திரு, மாலையில் வந்துவிடுகிறோம்" என்று விட்டுப் போகும் அந்த எட்டு மணி நேரத்தில் நோய் முற்றலாம். குழப்பம் தொடங்கிய ஆளுக்குத் தனக்கு முடியவில்லை என்பதே தெரியாது. ஆறு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால் அவர் இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டியிருக்கும். எனவே முன்பணம் கட்டும் முன்பே உதவி வழிகாட்டி உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் புறப்படும் முன் ஆறு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: யார் இறங்கச் சொன்னாலும் மற்றவர் வாதாடக் கூடாது. தினமும் இரவு உணவின்போது ஒவ்வொருவரும் தலைவலி இருக்கிறதா, சாப்பிட முடிந்ததா, எப்படித் தூங்கினோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும். மூத்தவர் யாராவது "எனக்குக் காலையிலிருந்து தலை வலிக்கிறது" என்று தொடங்கினால் மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள்.